பிளான் என்பது பைலுக்கு மட்டும்தானா?

மூன்று வாரமாக இங்கே எதுவும் எழுதவில்லை. வலது கண்ணில் புரை ஆபரேஷன். டாக்டர் திரையைப் பார்க்காதே என்று சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கிறது. ஆனாலும் மனதில் ஒரு கோபம் கிடந்து அரிக்கிறது, அதை இறக்கி வைக்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

போன முகூர்த்தத்தில் சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பட்டாசுத் தொழிலில் இருக்கும் ஒருவர், நல்ல மனிதர், என்னைவிட பத்து வயது இளையவர், தன் தங்கை மகனைக் காட்டி, "பய ஆட்டோகேட் படிச்சிருக்கான் அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்கேல், டைட்டில் பிளாக், திருத்த எண் என்று நான் ஆரம்பித்ததும் அவர் சிரித்துக்கொண்டே குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் பைலுக்கு அண்ணாச்சி. தொழிலுக்கு இல்ல. நம்ம ஆளுக்கு கண்ணளவு போதும்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படித்தவன். முப்பத்தெட்டு வருஷம் டி-ஸ்கொயரோடும், பிறகு மினி டிராப்டரோடும், கடைசி பத்து வருஷம் கம்ப்யூட்டரோடும் பிழைத்தவன். அச்சு மெஷின் பாகங்கள், தீப்பெட்டி யூனிட்டுகளின் கட்டிடங்கள், பட்டாசு ஆலைகளின் சைட் பிளான் எல்லாம் வரைந்திருக்கிறேன். எனவே இது வெளியே நின்று சொல்லும் உபதேசம் இல்லை. என் தவறுகளும் இதில் இருக்கின்றன.

முதல் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். 1974. ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெளிநாட்டு மெஷின் ஒன்றின் பிராக்கெட் உடைந்துவிட்டது. அதோடு வந்த படத்தைப் பார்த்து நான் டிரேஸ் எடுத்தேன். அது அமெரிக்கப் படம், மூன்றாம் கோண முறையில் வரைந்தது. அதில் வலது பக்கத் தோற்றத்தை வலது பக்கத்திலேயே போடுவார்கள். எங்களுக்கு ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்தது முதல் கோண முறை. அதில் வலது பக்கம் பார்த்ததை இடது பக்கம் போடவேண்டும். எந்த முறை என்று காட்ட மூலையில் ஒரு சின்னக் குறி உண்டு, வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும். அந்தக் குறியை நான் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பேட்டர்ன் செய்த ஆசாரி தனக்குத் தெரிந்த முறையில் படித்தார். பன்னிரண்டு வார்ப்பு வந்து இறங்கியது. பன்னிரண்டிலும் காது இடது பக்கம் இருக்கவேண்டியது வலது பக்கம். கண்ணாடியில் பார்த்த மாதிரி.

முதலாளி என்னைத் திட்டவில்லை. ஆசாரியைத் திட்டினார். ஆசாரி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். தெரியாதது எனக்கு. அதைச் சொல்ல அன்று எனக்குத் தைரியம் இல்லை.

இந்தக் குழப்பம் எங்கள் தலைமுறை முழுக்க இருந்தது. இந்தியத் தர நிறுவனம் 1947-லேயே தொடங்கிவிட்டார்கள். பொறியியல் வரைபடத்துக்கு ஐ.எஸ். 696 என்று ஒரு விதித் தொகுப்பும் போட்டார்கள். ஆனாலும் பட்டறைக்குப் பட்டறை பழக்கம் வேறு. வெள்ளைக்காரன் மெஷின் ஒரு மாதிரி, அமெரிக்க மெஷின் இன்னொரு மாதிரி. 1958 அக்டோபரில் மெட்ரிக் முறை நடைமுறைக்கு வரத் தொடங்கிப் பதினைந்து வருஷம் கழிந்த பிறகும் தச்சர் நூல் கணக்கில்தான் பேசினார். இஞ்சுக்கு எட்டு நூல், படத்தில் மில்லிமீட்டர், டேப்பில் இரண்டும். 1988-ல் எஸ்.பி. 46 என்ற புத்தகம் வந்து, பள்ளி கல்லூரிகளுக்கு முதல் கோணம்தான் என்று சொன்னது. அதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பன்னிரண்டு வார்ப்பும்தான் ஞாபகம் வந்தன.

சரி, பிராக்கெட் போனால் இரும்பு போச்சு, மறுபடி உருக்கலாம். பட்டாசு ஆலை பிளான் அப்படி இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்கு, முக்கியமாக வெளியூரில் பிள்ளைகளோடு இருந்துகொண்டு இதைப் படிக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். நம் ஊர்ப்பக்கம் நாக்பூர் லைசென்ஸ் என்று சொல்கிறோமே, அது பெசோ என்கிற வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் கொடுப்பது. தலைமையிடம் நாக்பூர், அதனால் அந்தப் பெயர். 1884-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் 1983-ல் ஒரு விதித் தொகுப்பு, பிறகு 2008-ல் இன்னொன்று. லைசென்ஸ் என்பது வெறும் காகிதம் இல்லை, அதோடு ஒரு வரைபடம் சேர்ந்தே இருக்கிறது. எந்த அறையில் மருந்து கலப்பது, எதில் செலுத்துவது, எது இருப்பு அறை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு தூரம், ரோட்டுக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம். அனுமதித்த படத்துக்கு வெளியே ஒரு சுவர்கூட எழுப்பக் கூடாது, கேட்காமல்.

ஏன் இவ்வளவு தூரம்? ஒரு அறை போனால் அந்த அறையோடு போகவேண்டும். பக்கத்து அறைக்குத் தாவக்கூடாது. அந்த வெற்று இடம்தான் பாதுகாப்பு. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் ஒன்றுமே கட்டாமல் விடுகிற இடம் அது. அதனால்தான் அதன்மேல் எல்லாருக்கும் கண். மழை வந்தால் ஒரு கூரை, சரக்கு காய வைக்க ஒரு மேடை, சீசனில் மரத்தடியில் நாலு பேர். படத்தில் வெள்ளையாக இருக்கிற இடம் தரையில் நிறைந்துவிடும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இவை நான் நினைவிலிருந்து எழுதியவை. விட்டுப்போனவை இன்னும் எத்தனையோ, உங்களுக்கே தெரியும். இவையெல்லாம் படம் சரியில்லாததால் நடந்தவை என்று சொல்ல வரவில்லை. உராய்வு, அளவுக்கு மேல் சரக்கு, அளவுக்கு மேல் ஆள், உள்குத்தகை என்று காரணம் பல. நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் அதை எந்தக் கோடும் தடுக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் முதலிப்பட்டியை நினைத்துப் பாருங்கள். அன்று செத்தவர்களில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவி செய்ய ஓடியவர்கள், என்ன ஆச்சு என்று பார்க்கப் போனவர்கள். எந்தக் கட்டிடத்தில் சரக்கு இருக்கிறது, எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று அந்தச் சனத்துக்கு யார் சொல்லியிருக்க முடியும்? பிளான் பைலுக்குள் இருந்தது. பைல் பீரோவுக்குள் இருக்கும். சாவி முதலாளி வீட்டில் இருக்கும்.

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் என்னோடு காலை நடை வருவார். அவர் சொன்னார்: "வண்டி போய் நின்னதும் நாங்க கேக்கிற முதல் கேள்வி, போர்மேன் எங்கே? ஏன்னா எந்த ரூம்ல என்ன இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். பாதி நேரம் அவரே உள்ள கிடப்பாரு." ஒரு ஆலையின் முழு வரைபடமும் ஒரே ஒரு மனிதனின் தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலை முதலில் போகிற இடத்தில் நிற்கிறது. இதற்குப் பெயர்தான் கண்ணளவு.

இங்கே ஒரு விஷயம் வெளியே இருந்து சொல்லலாம். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் எரிந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. ஆள் இருந்தது, வண்டி இருந்தது, தண்ணீரும் இருந்தது. குழாயின் மறை சேரவில்லை! ஊருக்கு ஊர் வேறு அளவு. வந்தவர்கள் பலர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். 1500-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் போய்விட்டன. ஒரே அளவு இணைப்பு வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் அங்கே வலுத்தது. எரிந்த பிறகு.

இப்போது அந்தக் கல்யாண வீட்டு வாதத்துக்கு வருகிறேன். "நம்ம ஆளுக குத்துமதிப்பாவே கட்டி ஆண்டவங்க அண்ணாச்சி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் என்ன பிளானா பாத்துக் கத்துக்கிட்டாங்க?" இதுவும் அன்று கேட்டதுதான்.

உண்மைதான். 1922-ல் அந்த இருவரும் கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழிலைக் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னால் இந்த வானம் பார்த்த பூமியில் என்ன இருந்தது? அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் கொண்டுவந்த தொழிலைப் பாருங்கள். தீப்பெட்டிக்கு உள்கூடு, வெளிக்கூடு இரண்டும் அளவு சரியாக இல்லாவிட்டால் பெட்டி நழுவும், இல்லை இறுகும். குச்சியின் நீளம் ஒன்றுபோல இல்லாவிட்டால் சட்டத்தில் அடுக்க முடியாது. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பெண்கள் ஒட்டிய பெட்டிகள் ஒரே பண்டலில் அடங்கினவே, அது குத்துமதிப்பா? படம் இல்லை, ஆனால் தரம் இருந்தது. அளவுப்பலகை இருந்தது. அதை நாம் மறந்துவிட்டு, குத்துமதிப்பு என்று பெயர் வைத்து அவர்களையே அவமதிக்கிறோம்.

இன்னொன்று. சிவகாசியில் யாரும் அச்சகத்துக்குள் போய் ரெஜிஸ்டர் மார்க் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். நாலு கலர் நாலு தடவை ஓடவேண்டும், நாலும் ஒரே இடத்தில் விழவேண்டும். தாளின் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்னக் கூட்டல் குறி அரை மில்லிமீட்டர் தப்பினால் முருகனுக்கு இரண்டு மூக்கு. அந்தத் தாளை வேஸ்டில் போடுவோம். காலண்டருக்கு அவ்வளவு கறார். காலண்டர் அடிக்கிற அதே ஊரில், மனிதர்கள் உட்கார்ந்து மருந்து செலுத்துகிற அறைக்கு மட்டும் "ஒரு பத்து பன்னிரண்டு அடி இருக்கும்" என்கிறோம்.

விருதுநகர்க்காரனும் சளைத்தவன் இல்லை. எங்கள் ஊர் மார்க்கெட் நிலவரம் பேப்பரில் வருகிறதே, எண்ணெய் 15 கிலோ டின், பருப்பு 100 கிலோ மூட்டை என்று. ஒரு வியாபாரி டின்னில் கால் கிலோ குறைந்தால் அடுத்த நாள் அவர் கடைக்கு ஆள் வராது. தராசு முத்திரை ஒரு வருஷம் தள்ளிப்போனால் பயப்படுவார். ஆனால் அதே குடும்பத்துக்காரர் பிளானில் நாலு மீட்டர் குறைந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்" என்பார்.

இனி இந்தக் காலத்து விஷயம். இதைத்தான் அந்தப் பையனிடம் சொல்ல நினைத்தேன், பாதியில் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் வந்தபின் கோடு அழகாகிவிட்டது. எங்களுக்கு ஒரு எழுத்து தப்பினால் பிளேடால் சுரண்டவேண்டும், டிரேசிங் கிழிந்தால் அழவேண்டும். அம்மோனியா பிரிண்ட் எடுக்கிற அறையில் மூக்கெரிச்சலோடு நிற்கவேண்டும். எழுத்துக்கே ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்றும் ஏழும் குழம்பக்கூடாது, மூன்றும் எட்டும் குழம்பக்கூடாது. அதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. போகட்டும். ஆனால் ஒரு படத்தை எடுத்து இன்னொரு ஆலைக்கு ஒட்டுகிறார்கள். நானே பார்த்தேன், வடக்குக் குறி தெற்கைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, ஏனென்றால் அது பழைய ஆலையின் வடக்கு. தேதி இல்லை. திருத்த எண் இல்லை. வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே கையெழுத்து, அல்லது இரண்டும் காலி.

பிறகு அந்தப் படம் வாட்ஸ்அப்பில் போகிறது. அங்கிருந்து ஜெராக்ஸ் கடைக்கு. கடைக்காரத் தம்பி ஏ4 தாளில் இருந்ததை "சின்னதா இருக்கு சார்" என்று ஏ3-க்குப் பெரிதாக்கிக் கொடுக்கிறான். மூலையில் 1:200 என்று எழுதியிருப்பது அப்படியே பெரிய எழுத்தில் வருகிறது. கணக்குப் பாருங்கள். ஏ4-ல் இருந்து ஏ3 போனால் ஒவ்வொரு கோடும் 1.414 மடங்கு நீளும், அதுதான் அந்தத் தாள்களின் விகிதம். இப்போது படத்தில் இரண்டு அறைக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் அளக்கிறீர்கள். 1:200 என்றால் இருபது மீட்டர். ஆகா, தாராளமான இடைவெளி! உண்மையில் தரையில் இருப்பது பதினான்கு மீட்டர் சொச்சம். ஆறு மீட்டர் ஜெராக்ஸ் மெஷினுக்குள் முளைத்தது. பழைய அடிக்கணக்குப் படங்களிலும் இதே கதை உண்டு. எட்டு அடிக்கு ஒரு இஞ்சு என்று வரைந்ததை, கிட்டத்தட்ட அதுதானே என்று 1:100 என மாற்றி எழுதுவார்கள். அது 1:96. நூற்றுக்கு நாலு போச்சு.

இதற்கு மருந்து என்ன? லட்ச ரூபாய் செலவா? படத்தின் அடியில் ஒரு அளவுக்கோடு. பூஜ்யம், ஐந்து, பத்து, இருபது மீட்டர் என்று வரைந்த ஒரு பட்டை. படம் பெரிதானால் அதுவும் பெரிதாகும், சுருங்கினால் அதுவும் சுருங்கும். அப்புறம் முக்கியமான தூரங்களை அளந்து எண்ணாகவே எழுதிவிடுவது. படத்தை ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதிய எண்ணைப் படி என்று எங்கள் வாத்தியார் முதல் நாளே சொல்வார். இந்த இரண்டு பழக்கமும் அந்தப் புத்தகங்களில் இருப்பவைதான். அதைத்தான் "பைலுக்கு" என்று சிரிக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது தவறு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரிக்குக்கூட இன்றுதான் தெரியும்.

ஒரு ஆலை. ஊர் வேண்டாம், வருஷம் வேண்டாம். பழைய பிளான் நைந்துபோனது, புதிதாக ஒரு படி வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் டேப்போடு போனேன். படத்தில் இருந்த அறைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். தரையில் ஐந்து கூடுதல். மூன்று ஓலைக் கூரை, இரண்டு கல்சுவர். உரிமையாளரிடம் கேட்டேன். "அது மழைக்கு ஒதுங்கப் போட்டது சார். நீங்க பழைய படத்தப் பாத்து அப்படியே எடுங்க, போதும்." கூலியை முன்கூட்டியே கொடுத்தார், கேட்டதைவிடக் கூட. வீட்டில் பெரியவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

எடுத்தேன். அப்படியே எடுத்தேன். சுத்தமான எழுத்து, சரியான கோடு, வடக்குக் குறிகூட மிகச் சரியாக. நான் வரைந்ததிலேயே அழகான படங்களில் அது ஒன்று. அதில் அந்த ஐந்து கட்டிடமும் இல்லை. அந்தக் கல்சுவர் அறை ஒன்றின் வாசலில், பல்லாங்குழி ஆடிக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். என் படத்தின்படி அவர் வெற்று நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே விபத்து எதுவும் நடக்கவில்லை. சில வருஷத்தில் அந்த ஆலை கைமாறி மூடியும்விட்டது. ஆனாலும் தீபாவளிக்கு முந்தின மாதங்களில் எங்காவது சைரன் கேட்டால் அந்தப் பக்கமா என்றுதான் முதலில் மனம் ஓடும். மூடிவிட்டது என்று தெரிந்த பிறகும் ஓடுகிறது. தவறாக வரைந்த படத்தைவிட, தரத்தோடு வரைந்த பொய்ப்படம் ஆபத்து. அதிகாரி மேஜையில் அதற்கு மரியாதை அதிகம்.

ஆகவே தரம் தரம் என்று பேசுகிற நான், கோட்டின் அழகைப் பற்றிப் பேசவில்லை. என் கேள்வி மூன்று நான்குதான். படத்தில் இருப்பது இன்று தரையில் இருக்கிறதா? தரையில் இருப்பது படத்தில் இருக்கிறதா? கடைசியாக அளந்தது யார், எந்தத் தேதியில்? அறைக்கதவில் எழுதிய எண்ணும் படத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? நான் பார்த்த ஆலைகளில் கடைசிக் கேள்விக்கே பாதிப் பேர் தேறமாட்டார்கள். வெள்ளையடிக்கும்போது எண் போய்விடும், திரும்ப எழுதுகிறவர் தன் வசதிக்கு எழுதுவார்.

அந்தப் படத்தை இரண்டு மீட்டர் தகரத்தில் பெரிதாகத் தமிழில் எழுதி வாசல் கேட்டுக்கு வெளியே மாட்டுங்கள் என்கிறேன். ரோட்டில் போகிறவன் பார்க்கட்டும். இருப்பு அறை சிவப்பில் இருக்கட்டும். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தான் உட்காரும் அறை எது, ஓடவேண்டிய பக்கம் எது என்று தினமும் கண்ணில் படட்டும். "தொழில் ரகசியம் போயிரும் அண்ணாச்சி" என்கிறார்கள். நாலு சுவர் எங்கே இருக்கிறது என்பதில் என்ன ரகசியம்? மருந்து விகிதத்தையா எழுதச் சொன்னேன்?

சின்ன முதலாளிகள் படும் பாடு எனக்குத் தெரியும். இதற்கு ஒரு ஆபீஸ், அதற்கு ஒரு ஆபீஸ், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஒரு செட், தாசில்தாருக்கு ஒரு செட். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி படம் கேட்டால் அவர் என்ன செய்வார், நகல் எடுத்து அடுக்கத்தான் செய்வார். படம் காகிதமாகிப் போனதில் கேட்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. படத்தையும் தரையையும் ஒருசேரப் பார்க்காமல், படத்தில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் அவர்களுடையது. எல்லாருக்கும் ஒரே படம், ஒரே எண், ஒரே தேதி என்று ஆக்கினால் முதலாளிக்கும் செலவு குறையும்.

இவ்வளவும் எழுதி முடித்து, சேமிக்கப்போகிற நேரத்தில் போன் வந்தது. அந்தக் கல்யாண வீட்டுப் பையன். மாமா எண் கொடுத்தாராம். மாமாவின் ஆலையை அவனே ஒரு தடவை அளந்து, பழைய படத்தோடு ஒத்துப் பார்க்கப் போகிறானாம், மாமாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை லீவு நாள், ஆள் இருக்காது, நீங்கள் வரமுடியுமா தாத்தா என்று கேட்டான். கண் கட்டு அவிழ்த்து மூன்று வாரம்தான் ஆகிறது, வெயில் ஆகாது என்று இங்கே சமையலறையில் இருந்து குரல் வருகிறது. முப்பது மீட்டர் டேப் வைத்திருக்கிறாயா, இல்லை ஐந்து மீட்டரா என்று அவனிடம் கேட்டேன். ஐந்துதானாம். என்னுடையதைப் பரணில் இருந்து இறக்கவேண்டும்.